ரோலர் ஸ்கேட்டில் ஒரு நூலகப் பையன்

1966 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. பெயர் 'யூ ஆர் எ பிக் பாய் நவ்'. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தரும் வேலை பார்க்கிறான். ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டே ஓடுகிறான். அம்மா பிடியிலிருந்து விடுபட வேண்டும், ஒரு பெண்ணைக் காதலிக்க வேண்டும், பெரியவனாக வேண்டும். கதை அவ்வளவுதான். எடுத்தவருக்கு அப்போது வயது 27. பெயர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா.

கொப்போலா என்றதும் 'காட்ஃபாதர்' ஞாபகம் வரும், இயல்புதான். நானும் அந்த வழியாகத்தான் இந்தப் படத்துக்குப் போனேன். பெரிய கலைஞரின் ஆரம்ப காலப் படத்தில் பின்னால் வரப்போவதன் அடையாளங்களைத் தேடிப் பார்க்கும் ஆசை. ஆனால் படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தத் தேடலையே மறந்துவிட்டேன். வேறொன்று பிடித்துக்கொண்டது. ஒரு தலைமுறை தன் கோபத்துக்கு இன்னும் பெயர் வைக்காத நேரத்தில் எப்படிச் சிரித்தது என்று இந்தப் படம் காட்டுகிறது. அதற்காகவே இதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடியது 1964-ல். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பூச்சூடிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடியது 1967 ஜனவரியில். மான்டெரே இசை விழா அதே ஆண்டு ஜூனில். இந்தப் படம் பெர்க்லி போராட்டத்துக்கும் இவற்றுக்கும் நடுவில் விழுகிறது. பூச்சூடிய கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்புதான் திரைக்கு வந்தது. எதிர்க்கலாச்சாரம் என்று நாம் இன்று சொல்லும்போது மனதில் வரும் நீண்ட முடி, போர் எதிர்ப்புப் பதாகை, கூட்டு வாழ்க்கை எதுவும் இதில் இல்லை. நாயகன் பெர்னார்ட் சாண்டிக்ளீர் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். முடியும் ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறது.

அந்த 1966-ல் ஒரு அமெரிக்கப் பையனுக்குப் பத்தொன்பது வயது என்றால் என்ன நிலைமை? அரசாங்கம் அவனைப் படைக்கு இழுத்துக்கொண்டு போய் வியட்நாமில் இறக்கலாம். அந்த ஆண்டு முடிவில் அங்கே 3,80,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். ஆனால் அவன் ஓட்டுப் போட முடியாது. நாடு முழுவதும் 18 வயதுக்கு வாக்குரிமை 1971-ல்தான் வந்தது. கருத்தடை சாதனம் பயன்படுத்துவது தம்பதிகளின் அந்தரங்க உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1965-ல். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று சொல்ல 1972 வரை ஆனது. சாகும் அளவுக்கு வளர்ந்தவன், மற்ற எல்லாவற்றுக்கும் குழந்தை. போர் இந்தப் படத்தின் கதையைத் தொடுவதே இல்லை. அது படத்தின் குறையாக எனக்குப் படவில்லை. 'நீ பெரியவனாகிவிட்டாய்' என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, இன்னொரு வாயால் 'எங்கே போனாய், யாரோடு போனாய்' என்று கேட்கிற ஒரு சமூகத்தை வீட்டுக்குள் வைத்தே காட்டிவிடுகிறார்கள். தெருவுக்கு வந்த கோபம் எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று தெரிய வேண்டுமானால் இந்த மாதிரிப் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வீடு எப்படிப்பட்டது? அம்மா மார்ஜரி. மகனைக் கையை விட்டு இறக்கி வைக்கத் தெரியாதவள். அவன் தனியாகத் தங்கப் போனதும் கடிதத்தோடு தன் தலைமுடிக் கற்றையையும் வெட்டி அனுப்புகிறாள். ஜெரால்டின் பேஜ் இந்தப் பாத்திரத்தை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார். குரல் நடுங்கும், கண் கலங்கும், அடுத்த நொடியில் ஒரு ராணுவ அதிகாரியின் கண்டிப்பு வந்து உட்காரும். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். அப்பாவாக நடித்தவர் ரிப் டார்ன். நிஜ வாழ்க்கையிலும் இவர்கள் கணவன் மனைவி. திரையில் இருவருக்கும் நடக்கிற சின்னச் சின்ன அதிகாரச் சண்டைகளில் ஒரு பழக்கத்தின் வேகம் இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மகன் வெளியே தங்கட்டும், ஆளாகட்டும் என்பது அப்பாவின் முடிவு. அதற்கும் வேலி போட்டுத்தான் அனுப்புகிறார்கள். தங்கும் இடம் மிஸ் திங் என்கிற மணமாகாத மூத்த பெண்மணியின் வீடு. பையன் பெண்களோடு பழகினால் அம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. ஜூலி ஹாரிஸ் அந்தப் பாத்திரத்தை இறுக்கமாகச் செய்திருக்கிறார். அந்த வீட்டுப் படிக்கட்டில் ஒரு சேவல் இருக்கிறது. அழகான இளம்பெண்களைக் கண்டால் பாய்ந்து கொத்தும். சேவல் வரும் காட்சிகள் ஒருமுறைக்குச் சிரிப்பு, மறுமுறைக்குச் சலிப்பு. அங்கே படம் கொஞ்சம் தடுமாறுகிறது.

நூலகத்துக்கு வருவோம், படத்தின் உயிர் அங்கேதான். நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவும் 42-வது தெருவும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் பொது நூலகம். 1911-ல் திறந்த மாளிகை, வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். அப்போது அந்த நூலகத்தில் வாசகர்கள் அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்க முடியாது. என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. வாசிப்புக்கூடத்துக்குக் கீழே ஏழு தளங்களில் இரும்பு அலமாரிகளில் புத்தகங்கள் இருந்தன. அங்கே இருந்த ஊழியர் சீட்டைப் பார்த்துத் தேடி எடுத்து மேலே அனுப்புவார். மேலே சூரிய வெளிச்சம், உயரமான கூரை, அமைதி. கீழே வெயில் படாத அடுக்குகளில் பெர்னார்ட் போன்ற பையன்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இவன் இருப்பதே தெரியாது.

அந்தக் கீழ்த்தளத்தில் அவனுக்கு ரோலர் ஸ்கேட் கொடுத்ததுதான் படத்தின் மிகப் பெரிய யோசனை என்று சொல்வேன். வேலையை வேகமாகச் செய்யத்தான் ஸ்கேட், நியாயமான காரணம். ஆனால் பார்க்கும்போது அது விளையாட்டு, அது நடனம், கிட்டத்தட்டப் பறப்பது. அடைபட்ட இடத்துக்குள்ளேயே ஒருவன் தனக்கு ஒரு வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறான். முழக்கம் எதுவும் எழுப்பாமல், யாரையும் எதிர்க்காமல், விதியையும் மீறாமல் ஒரு பையன் சுதந்திரத்தை உடம்பால் தொட்டுப் பார்க்கிற காட்சி அது. பின்னால் வந்த எத்தனையோ கலகப் படங்களில் மோட்டார் சைக்கிள் செய்த வேலையை இங்கே நாலு சின்னச் சக்கரங்கள் செய்கின்றன.

அப்பாவுக்கும் அதே நூலகத்தில்தான் வேலை, மேல்தட்டு வேலை. அச்சுக்கலை பிறந்த காலத்தில், 1501-க்கு முன்னால் அச்சான அரிய நூல்களுக்கு அவர் காப்பாளர். அவர் பொறுப்பில் இருப்பதிலேயே விலைமதிப்பற்றது குட்டன்பர்க் விவிலியம், ஐரோப்பாவில் தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட முதல் பெரிய நூல். இது கற்பனை இல்லை. அந்த நூலகத்தில் குட்டன்பர்க் விவிலியப் பிரதி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஜேம்ஸ் லெனாக்ஸ் என்கிற புத்தகச் சேகரிப்பாளர் வாங்கி 1847-ல் அமெரிக்காவுக்கு வந்த பிரதி, அந்த நாட்டுக்குள் வந்த முதல் குட்டன்பர்க் விவிலியம் அதுதான். படத்தில் அப்பா காவல் காக்கும் இன்னொரு பொக்கிஷமும் உண்டு. பூட்டிய அறைக்குள் அவர் வைத்திருக்கும் பாலியல் கலைச் சேகரிப்பு. மகன் ஒரு பெண்ணோடு பேசினாலே தகவல் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்த குடும்பத்தின் தலைவர், தனக்கென்று இப்படி ஓர் அறை வைத்திருக்கிறார். அவரும் மிஸ் திங்கும் அந்த அறைக்குள் மாட்டிக்கொள்கிற காட்சி வெறும் கேலிக்கூத்து மாதிரித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கிற குற்றச்சாட்டு கூர்மையானது. பெரியவர்கள் ஆசையை விட்டொழித்தவர்கள் இல்லை, சாவியைத் தங்கள் பையில் வைத்திருப்பவர்கள். அந்தப் பத்தாண்டில் இளைஞர்கள் பெற்றோரிடம் கேட்ட கேள்விகளில் பாதி இந்த ஒரு பூட்டிய அறைக்குள் அடங்கிவிடுகிறது.

கடைசிப் பகுதியில் பெர்னார்ட் அந்த விவிலியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பின்னால் அப்பா, அம்மா, மிஸ் திங், போலீஸ்காரர் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். துரத்தல் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குள் புகுந்து வெளியே வருகிறது. அங்காடிக் காட்சியைக் கேமராவை மறைத்து வைத்து, பொருள் வாங்க வந்த கூட்டத்துக்குத் தெரியாமலே எடுத்தார்கள். திகைத்து ஒதுங்கும் முகங்கள், கோபத்தோடு திரும்பிப் பார்க்கும் முகங்கள் எல்லாம் நிஜம். குடும்பத்தின் கௌரவச் சின்னத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மகன் ஓடுகிறான், அது என்ன என்றுகூடத் தெரியாத நகரம் அவனுக்கு வழி விடுகிறது.

நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1966-ல் மேயராகப் பொறுப்பேற்ற ஜான் லிண்ட்சே, நியூயார்க்கில் படம் எடுக்க அனுமதி வாங்கும் முறையை எளிதாக்கினார். அதற்கு முன்பு ஒவ்வொரு துறையிடமும் தனித்தனியாக அலைய வேண்டியிருந்ததால் பலர் அந்தப் பக்கமே வருவதில்லை. கதவு திறந்ததும் உள்ளே நுழைந்த படங்களில் இது ஒன்று. ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லாஸ்லோ கேமராவைத் தெருவிலேயே நடக்க விடுகிறார். டைம்ஸ் சதுக்கத்துப் பக்கம் பெர்னார்ட் தனியாகச் சுற்றுகிற காட்சிகளில் விளக்குப் பலகைகளும் மலிவான காட்சிப் பெட்டிகளும் அவனைச் சுற்றி நெருக்குகின்றன. காசு போட்டால் ஆடை குறைந்த பெண்களைக் காட்டும் பெட்டி ஒன்றில் எட்டிப் பார்க்கும்போது அவனுடைய டை இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது. வீட்டில் கட்டிவிட்ட டை, நகரம் விற்கும் ஆசை, நடுவில் கழுத்து நெரியும் பையன். வசனமே தேவைப்படவில்லை.

படத்தொகுப்பு ஆரம் அவாகியன். நியூபோர்ட் ஜாஸ் விழாவைப் பற்றிய புகழ்பெற்ற ஆவணப்படத்தில் வேலை செய்தவர். இசையின் காதோடு படத்தை வெட்டுகிறார். காட்சி முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவுகிறார், நினைவும் கற்பனையும் முன்னறிவிப்பு இல்லாமல் நுழைகின்றன. லண்டனில் பீட்டில்ஸை வைத்து ரிச்சர்ட் லெஸ்டர் 1964-ல் எடுத்த படத்தின் காற்று இதில் வீசுவதை யாரும் உணரலாம். அறுபதுகளையொட்டி பிரான்சில் சினிமா மரபை உடைத்த 'புதிய அலை' இயக்கத்தின் காற்றும் உண்டு. இது வெறும் பாணி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கதையில் பெர்னார்ட் எதையும் பெரிதாக உடைத்துவிடவில்லை. ஒரு பெண்ணிடம் ஏமாறுகிறான், ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், பிடிபடுகிறான். உடைப்பு நடப்பது படம் சொல்லப்பட்ட விதத்தில். ஹாலிவுட் நகைச்சுவை என்றால் நன்றாக வெளிச்சம் போட்ட அரங்கம், தெளிவான தொடக்கம், இனிப்பான முடிவு என்று இருந்த காலத்தில், இந்தப் படத்தின் ஒவ்வொரு வெட்டும் 'ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும்?' என்று கேட்கிறது. பையனுக்கு வாயில் வராத கேள்வியைத் தொகுப்பு மேசை கேட்டுவிடுகிறது.

பாட்டும் அப்படித்தான். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்து கிளம்பிய லவின் ஸ்பூன்ஃபுல் என்கிற குழுவும் அதன் ஜான் செபாஸ்டியனும் படத்துக்குப் பாடல்கள் தந்தார்கள். அந்தக் குழு அப்போது உச்சத்தில் இருந்தது. 1966 கோடையில் அவர்களுடைய பாட்டு அமெரிக்க வரிசையில் முதலிடத்தில் இருந்தது. இந்தப் படத்துக்காக வந்த 'டார்லிங் பீ ஹோம் சூன்' இன்றைக்கும் பலர் பாடுகிற பாட்டு. இளைஞர்கள் வானொலியில் கேட்கும் இசையையே நாயகனின் மனக்குரலாக வைப்பது இன்று எல்லாப் படங்களிலும் சகஜம். இதே முறையில் சைமன், கார்ஃபங்கல் பாடல்களோடு வந்த 'தி கிராஜுவேட்' ஓராண்டு கழித்து, 1967 டிசம்பரில் வந்து பெரும்புகழ் பெற்றது. இரண்டிலும் பெற்றோர் வீட்டில் மூச்சு முட்டும் பையன்தான். மைக் நிக்கல்ஸின் படம் இறுக்கமானது, முழுமையானது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குத் தான் என்ன சொல்ல வந்தோம் என்று தெளிவாகத் தெரியும். கொப்போலாவின் படம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, அந்தத் தேடலின் துடிப்புதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

இனி படம் என்னை உறுத்துகிற இடம். பெர்னார்ட் மனதைப் பறிகொடுப்பது பார்பரா டார்லிங் என்கிற நடிகையிடம். மேடை நாடகத்தில் நடிப்பவள், இரவு விடுதியில் ஆடுபவள். எலிசபெத் ஹார்ட்மன் நடித்திருக்கிறார். முந்தைய ஆண்டு வந்த தன் முதல் படத்தில் பார்வையற்ற, அடக்கமான பெண்ணாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் அவர். அதே முகம் இங்கே குத்தும் சிரிப்போடு வருகிறது. பார்பரா ஆண்களை வெறுக்கிறாள். காரணம் சிறுவயதில் அவளுக்கு நேர்ந்த ஒரு கொடுமை. அந்த ஆளின் மரக்காலை வெற்றிச் சின்னம் போல வைத்திருக்கிறாள். இதைப் படம் ஒரு விசித்திரமான வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பெர்னார்ட் கடிதம் எழுதி, அவள் அழைத்து, அவன் அவள் வீட்டுக்கே குடிபோய், அங்கே அவள் அவனை அவமானப்படுத்துகிறாள். நாம் பெர்னார்டுக்காக வருந்த வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்காக யார் வருந்துவது?

இது கொப்போலா ஒருவருடைய குறை இல்லை. அந்த முதல் அலை எதிர்க்கலாச்சாரம் முழுவதிலும் இது ஓடுகிறது. சுதந்திரம் என்று பையன்கள் பேசியபோது பெண்கள் அந்தச் சுதந்திரத்தின் பரிசாகவோ தடையாகவோதான் கதைக்குள் வந்தார்கள். அம்மா தடை, வீட்டுக்காரம்மா தடை, நடிகை கனவு. அமெரிக்காவின் தேசிய பெண்கள் அமைப்பு தொடங்கியதும் இதே 1966-ல்தான், ஜூனில். இந்தப் படம் அந்தப் பக்கம் காது கொடுக்கவில்லை. ஆனாலும் ஹார்ட்மன் எழுதப்பட்டதைத் தாண்டி ஒன்றைச் செய்கிறார். கொடுமைக்காரியாக இருக்க வேண்டிய நொடிகளில் கண்ணில் ஒரு பயம் தட்டுகிறது. தன் வாழ்க்கை வரலாற்றை நண்பன் ரிச்சர்ட் மட் தட்டச்சு செய்ய, இவள் சொல்லிக்கொண்டே போகிற காட்சிகளில், தன்னைத் தானே ஒரு கதையாக மாற்றிக்கொண்டால்தான் பிழைக்க முடியும் என்று நினைக்கிற ஒருத்தியைப் பார்க்கிறேன். அவரும் ஜெரால்டின் பேஜும் 1987 ஜூனில் மூன்று நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஹார்ட்மனுக்கு வயது 43 மட்டுமே. இவ்வளவு திறமைக்கு எவ்வளவு குறைவான படங்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஏமி என்கிற இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நூலகத்தில் வேலை செய்பவள், பெர்னார்டைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவள், அவன் மேல் ஆசை வைத்திருப்பவள். கேரன் பிளாக். அவருக்கு இதுதான் முதல் பெரிய வேடம். பிற்பாடு 'ஈஸி ரைடர்', 'ஃபைவ் ஈஸி பீசஸ்', 'நாஷ்வில்' என்று எழுபதுகளின் அமெரிக்க சினிமாவுக்கே ஒரு முகமாக ஆனவர். காத்திருப்பதுதான் ஏமியின் வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கேரன் பிளாக் அதைச் சோகமாகச் செய்யவில்லை. ஆசையை வெளிப்படையாக, வெட்கமில்லாமல், நல்ல மனதோடு காட்டுகிறார். பூட்டிய அறையும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. கடைசியில் சிறையிலிருந்து அவனை ஜாமீனில் எடுப்பதும் அவள்தான். படத்தில் எல்லோரும் பெர்னார்டைப் பெரியவனாகச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருக்க, ஏற்கெனவே பெரியவளாக இருக்கிற ஒரே ஆள் ஏமி.

கொப்போலா இதை எப்படி எடுத்தார் என்பதும் அந்தக் காலத்தின் கதைதான். கதை டேவிட் பெனிடிக்டஸ் என்கிற ஆங்கில எழுத்தாளரின் 1963 நாவல். லண்டனில் நடப்பது. க்வீன்ஸில் வளர்ந்த கொப்போலா அதைத் தனக்குத் தெரிந்த நியூயார்க்குக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு முன்பு ராஜர் கார்மன் என்கிற தயாரிப்பாளரிடம் மலிவான படங்களில் எல்லா வேலையும் செய்து, செவன் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குத் திரைக்கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை ஸ்டுடியோ பணத்தில் எடுத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்படத் துறையில் முதுகலை ஆய்வுப் படைப்பாகவும் சமர்ப்பித்தார். 1967 கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவிலும் அது இருந்தது. திரைப்படக் கல்லூரியில் படித்த ஒரு பையனுக்கு ஹாலிவுட் கதவு திறக்கும் என்று அதற்கு முன்பு யாரும் பெரிதாக நம்பவில்லை. அடுத்த பத்தாண்டில் அந்த வழியாக ஒரு தலைமுறையே உள்ளே வந்தது. சிறுவயதில் போலியோ வந்து கொப்போலா நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர், பொம்மைகளோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் தனியாக விளையாடியவர். கீழ்த்தளத்தில் அடைபட்ட பையனுக்குச் சக்கரம் மாட்டிவிட அவருக்குத் தோன்றியதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்பது என் ஊகம்.

பெர்னார்டாக நடித்த பீட்டர் கேஸ்ட்னர் கனடாக்காரர். இந்தப் படத்துக்குப் பிறகு பெரிய நட்சத்திரம் ஆகவில்லை, அது சினிமாவின் இழப்பு. அந்த வட்ட முகமும் எதையும் உடனே நம்பிவிடும் கண்களும் இல்லாமல் இந்தப் படம் நின்றிருக்காது. பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முதலில் அவர் 1964-ல் நடித்த 'நோபடி வேவ்டு குட்பை' என்கிற கனடியப் படத்தைப் பாருங்கள். டான் ஓவன் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்தது, டொராண்டோ புறநகர்ப் பையன் ஒருவன் வீட்டோடு முறைத்துக்கொண்டு வெளியேறுகிற கதை. கறுப்பு வெள்ளை, சிரிப்பே இல்லாதது. அதன் பிறகு கொப்போலாவின் படத்துக்கு வாருங்கள். அதே நடிகர், அதே பிரச்சினை, இரண்டு ஆண்டுதான் இடைவெளி. அப்புறம் 'தி கிராஜுவேட்'. மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால் 1964-க்கும் 1967-க்கும் நடுவில் ஒரு பையன் வீட்டை விட்டுக் கிளம்புவது எப்படியெல்லாம் மாறியது என்று கண்ணெதிரே தெரியும். கொப்போலா படத்துக்கு மட்டும் இன்னொரு முறையும் நேரம் ஒதுக்குங்கள், அந்த முறை பெர்னார்டை விட்டுவிட்டு ஏமியைப் பாருங்கள்.